விற்காத பிரதிக்கும் ராயல்டி

1980களின் இறுதியில் மைக்ரோசாஃப்ட் கணினித் தயாரிப்பாளர்களுடன் போட்ட ஒப்பந்தங்களில் ஒரு புதிய கணக்குமுறை நுழைந்தது. எம்எஸ்-டாஸ் இயங்குதளத்தை எத்தனை கணினிகளில் ஏற்றி விற்றீர்கள் என்று அந்த ஒப்பந்தம் கேட்கவில்லை. குறிப்பிட்ட வகை புராசசர் பொருத்திய கணினிகள் எத்தனை உங்கள் தொழிற்சாலையிலிருந்து வெளியே போயின என்று கேட்டது. ஒரு லட்சம் போயிருந்தால் ஒரு லட்சத்துக்கும் ராயல்டி கட்ட வேண்டும். அவற்றில் பத்தாயிரத்தில் வேறொரு நிறுவனத்தின் இயங்குதளம் இருந்தாலும் சரி, எதுவுமே ஏற்றாமல் வெறும் பெட்டியாகப் போயிருந்தாலும் சரி, தொகை குறையாது. தொழில் வட்டாரத்தில் இதை ‘பெர் புராசசர் லைசென்ஸ்’ என்றார்கள். அமெரிக்க அரசு 1994-இல் நீதிமன்றத்தில் வைத்த புகார் மனுவின்படி, தயாரிப்பாளர்களுக்குப் போன எம்எஸ்-டாஸில் 1989 நிதியாண்டில் 20 சதவீதம் இந்த முறையில் உரிமம் பெற்றது. 1993-இல் அது 60 சதவீதம்.

ஆதிக்கம் செலுத்தும் மென்பொருள் நிறுவனங்களின் உரிம நடைமுறைகள் போட்டியைக் குலைக்கின்றனவா என்ற கேள்வி எழும்போதெல்லாம் பேச்சு விலைக்குப் போய்விடுகிறது. கூடுதலாக வாங்குகிறார்களா? பெரிய வாடிக்கையாளருக்கு ஒரு விலை, சிறியவருக்கு ஒரு விலையா? இலவசமாகவே கொடுப்பவர்மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்? ஆனால் கடந்த முப்பத்தைந்து ஆண்டு வழக்குகளை வரிசையாகப் படிப்பவருக்கு வேறொன்று கண்ணில் படும். சண்டை நடந்த இடங்களில் பெரும்பாலும் விலை ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. எதை அலகாக வைத்து எண்ணினார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. வாடிக்கையாளர் போட்டியாளரைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஆதிக்க நிறுவனத்தின் கல்லாவில் காசு விழுகிறதா, அல்லது போட்டியாளரைத் தேர்ந்தெடுத்ததற்காகவே வாடிக்கையாளர் வேறு எதையாவது இழக்கிறாரா என்று பார்த்தால் போதும், பாதி வழக்கு விளங்கிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை. ஆதிக்க நிறுவனம் ஒரு கணினிக்கு 20 டாலர் வாங்குகிறது. போட்டியாளர் அதே வேலையைச் செய்யும் மென்பொருளை 10 டாலருக்குத் தருகிறார். பிரதிக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தமாக இருந்தால், பத்தாயிரம் கணினிகளைப் போட்டியாளருக்கு மாற்றும் தயாரிப்பாளருக்கு ஒரு லட்சம் டாலர் மிச்சம். புராசசருக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தத்தில் அதே மாற்றத்தால் அவருக்கு ஒரு லட்சம் டாலர் கூடுதல் செலவு, ஏனென்றால் இருவருக்கும் கட்ட வேண்டும். போட்டியாளர் இலவசமாகக் கொடுத்தால்கூட ஒரு டாலரும் மிச்சமாகாது. தன் சரக்கை எடுத்துக்கொள்ளச் சொல்லி அவர் கையிலிருந்து காசு கொடுத்தால்தான் தயாரிப்பாளர் அசைவார். இதில் ஆதிக்க நிறுவனத்தின் 20 டாலர் நியாயமானதா, அநியாயமானதா என்ற கேள்வி எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்போது அந்தப் போட்டியாளரின் இடத்தில் இருந்தது டிஜிட்டல் ரிசர்ச். சிபி/எம் இயங்குதளத்தை உருவாக்கிய கேரி கில்டால் தொடங்கிய நிறுவனம். அதன் டிஆர் டாஸ் 5.0 பதிப்பு 1990-இல் வந்தது. நினைவகத்தைக் கையாளுவதில் அன்றைய எம்எஸ்-டாஸைவிட அது முன்னே நின்றது. மைக்ரோசாஃப்டின் பதில், எம்எஸ்-டாஸ் 5.0, 1991 ஜூனில்தான் கடைக்கு வந்தது. இடைப்பட்ட ஒரு வருடத்தில் போட்டி எப்படி வேலை செய்யும் என்பதற்கு இது நல்ல சான்று: ஒருவர் முந்தினார், மற்றவர் விழித்துக்கொண்டார், வாங்குபவருக்கு லாபம். டிஆர் டாஸ் தோற்றதற்கு ஒப்பந்த வாசகம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். விண்டோஸ் 3.1-இன் சோதனைப் பதிப்பு, டிஆர் டாஸ் மேல் ஓட்டினால் பயமுறுத்தும் பிழைச் செய்தியைக் காட்டியது. 1991-இல் டிஜிட்டல் ரிசர்ச்சை வாங்கிய நாவெல் நிறுவனத்தின் முடிவுகளும் சிறப்பாக இல்லை. ஆனாலும் கணினி தொழிற்சாலையை விட்டுப் போகும்போதே இயங்குதளம் ஏறிவிடும் தொழிலில், தொழிற்சாலையின் வாசல் அடைபட்டால் மற்றதெல்லாம் சில்லறைதான்.

தயாரிப்பாளர்கள் ஏன் கையெழுத்துப் போட்டார்கள்? யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது மைக்ரோசாஃப்டின் பதில். பிரதிக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தமும் இருந்தது, அதில் விலை கூடுதல், அவ்வளவே. எண்ணிச் சரிபார்க்கப் புராசசர் கணக்கு எளிது என்ற வாதமும் இருந்தது. இயங்குதளம் இல்லாமல் விற்கப்படும் கணினியில் எப்படியும் திருட்டுப் பிரதிதான் ஏறும் என்றும் சொன்னார்கள். இவை வெறும் சாக்குகள் என்று தள்ள முடியாதவை.

இதைவிடக் கனமான எதிர்வாதம் சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியல் மரபிலிருந்து வந்தது. ராபர்ட் போர்க் 1978-இல் எழுதிய ‘தி ஆன்டிடிரஸ்ட் பாரடாக்ஸ்’ அதன் வேதப் புத்தகம். வாங்குபவர் முட்டாள் இல்லை. தன்னைக் கட்டிப்போடும் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திடுகிறார் என்றால் அதற்கு ஈடான தள்ளுபடி கிடைத்திருக்க வேண்டும். போட்டி அழிவதால் வாங்குபவருக்கு வரும் நஷ்டம் ஏகபோகத்துக்கு வரும் லாபத்தைவிடப் பெரிது என்பதால் அவ்வளவு தள்ளுபடி கொடுத்துக் கட்டுப்படியாகாது. ஆகவே இத்தகைய ஒப்பந்தங்களுக்குப் பின்னால் ஏதோ செயல்திறன்தான் இருக்கும் என்பது அந்த வாதம். வாங்குபவர் ஒருவராக இருந்தால் இது சரி. பலர் இருக்கும்போது கதை மாறுகிறது. ராஸ்முசன், ராம்சேயர், வைலி ஆகிய மூவரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. புதிதாக வருபவர் தாக்குப்பிடிக்க ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை வாங்குபவர்கள் தேவை என்றால், ஒவ்வொரு வாங்குபவரும், “நான் மறுத்தாலும் மற்றவர்கள் கையெழுத்திடுவார்கள், புதியவர் எப்படியும் பிழைக்கமாட்டார், எனக்கு மட்டும் ஏன் தள்ளுபடி போக வேண்டும்” என்று நினைக்கிறார். எல்லோரும் அப்படி நினைத்தால் மிகச் சின்னத் தள்ளுபடியிலேயே எல்லோரையும் வளைத்துவிடலாம். லாபவரம்பு மெலிந்த கணினித் தயாரிப்பாளர்களுக்கு இந்தச் சித்திரம் அச்சாகப் பொருந்துகிறது. பக்கத்துக் கம்பெனி 5 டாலர் குறைவாக வாங்கினால் அந்த 5 டாலரே அவர்களுக்கு உயிர். போர்க்கே 1998-இல் உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப்பின் தரப்பில் நின்று மைக்ரோசாஃப்ட்மேல் நடவடிக்கை வேண்டும் என்று வாதாடினார் என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம்.

போட்டியாளரின் விற்பனையிலிருந்து தனக்குப் பங்கு வாங்கும் உத்தி மென்பொருள்காரர்களின் கண்டுபிடிப்பு இல்லை. 1872-இல் ராக்ஃபெல்லரும் சில சுத்திகரிப்பாளர்களும் சேர்ந்த சவுத் இம்ப்ரூவ்மென்ட் கம்பெனி, ரயில் நிறுவனங்களுடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. தங்கள் எண்ணெய்க்குக் கட்டணக் கழிவு. அதோடு, போட்டியாளர்கள் அனுப்பும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் அவர்கள் கட்டும் கட்டணத்தில் ஒரு பகுதியும் இவர்களுக்கே. விஷயம் வெளியே தெரிந்ததும் பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் கொதித்தெழுந்ததால் திட்டம் நடைமுறைக்கு வராமலே செத்தது. ஐபிஎம் கதை இன்னும் நெருக்கமானது. அந்த நிறுவனம் தன் கணக்கு எந்திரங்களை விற்காமல் வாடகைக்கே விட்டது. வாடகைக்கு எடுத்தவர் துளை அட்டைகளையும் தன்னிடமே வாங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1936-இல் அதைச் செல்லாது என்றது. விற்றுவிட்டால் பொருள் கைமாறிப் போகும், நிபந்தனையும் அதோடு போகும். வாடகையில் எந்திரம் உரியவரிடமே இருப்பதால் நிபந்தனையும் இருந்துகொண்டே இருக்கிறது. மென்பொருள் பிறந்ததிலிருந்தே அநேகமாக யாருக்கும் விற்கப்படுவதில்லை, உரிமம் மட்டுமே தரப்படுகிறது. கடைசி வாங்குபவர் வரை நீளும் இந்தக் கயிற்றைச் செருப்புக் கம்பெனியோ சிமென்ட் ஆலையோ கனவிலும் நினைக்க முடியாது.

சட்டம் என்ன செய்தது? ஃபெடரல் டிரேட் கமிஷன் 1990-இல் விசாரணையைத் தொடங்கி, 1993-இல் இரண்டு முறை வாக்கெடுத்து, இரண்டு முறையும் 2-2 என்று பிளவுபட்டு நின்றது. அமெரிக்க நீதித் துறை அமைச்சகம் கோப்பைக் கையில் எடுத்து, 1994 ஜூலையில் மைக்ரோசாஃப்டுடன் சமரசத்துக்கு வந்தது: புராசசர் கணக்கு கூடாது, குறைந்தபட்சக் கொள்முதல் நிபந்தனை கூடாது, ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் கூடாது. நீதிபதி ஸ்டான்லி ஸ்போர்க்கின் இது போதாது என்று 1995 பிப்ரவரியில் நிராகரித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை மாற்றியது. கடைசியில் 1995 ஆகஸ்ட் 21 அன்று நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் சமரசத்துக்கு ஒப்புதல் அளித்தார். மூன்று நாள் கழித்து விண்டோஸ் 95 வெளியானது. டாஸ் தனிச்சரக்காக விற்கப்படும் காலமே அத்துடன் முடிந்தது. காப்பாற்றப்பட வேண்டிய சந்தை இல்லாமல் போனபின் அதற்கான பாதுகாப்பு வந்து சேர்ந்தது.

அந்த ஆகஸ்ட் 24-ஆம் தேதி இன்னொன்றும் நடந்தது. ஐபிஎம் தன் கணினிகளில் விண்டோஸ் 95 ஏற்றுவதற்கான உரிமம், வெளியீட்டு விழா தொடங்கப் பதினைந்து நிமிடம் இருக்கும்போதுதான் கைக்கு வந்தது. ஐபிஎம் அப்போது ஓஎஸ்/2 என்ற போட்டி இயங்குதளத்தையும், லோட்டஸை வாங்கியதால் ஸ்மார்ட்சூட் என்ற அலுவலகத் தொகுப்பையும் கையில் வைத்திருந்தது. பழைய ராயல்டித் தணிக்கை முடியாமல் புதிய உரிமம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் பேச்சை நிறுத்தியிருந்தது. அதே நாளில் தணிக்கைப் பிணக்கும் தீர்க்கப்பட்டு, ஐபிஎம் 3.1 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. மைக்ரோசாஃப்ட்மேல் அரசு பின்னர் போட்ட இன்னொரு வழக்கில், 1999 நவம்பரில் வெளியான நீதிபதி ஜாக்சனின் உண்மைக் கண்டறிதல்களில் இது விரிவாகப் பதிவாகியிருக்கிறது. காம்பாக் தன் கணினிகளின் முகப்பிலிருந்து இன்டர்நெட் எக்ஸ்புளோரர் சின்னத்தை எடுத்தபோது விண்டோஸ் உரிமத்தையே ரத்து செய்வோம் என்று நோட்டீஸ் வந்ததும் அதில் உண்டு. புராசசர் என்ற அலகு தடைசெய்யப்பட்டபின், ‘நடத்தை’ புதிய அலகாகிவிட்டது. யார் சொன்னபடி கேட்கிறாரோ அவருக்குக் குறைந்த ராயல்டி, முன்கூட்டியே உரிமம்.

அந்த வழக்கில் 2001 ஜூன் 28 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு தந்த தீர்ப்பு இந்தத் துறையில் இன்றும் முதல் பாடம். இது எங்கள் காப்புரிமைப் பொருள், எப்படி வேண்டுமானாலும் உரிமம் தருவோம் என்று மைக்ரோசாஃப்ட் வாதிட்டது. பேஸ்பால் மட்டை என் சொந்தச் சொத்து, ஆகவே அதை வைத்து யாரை அடித்தாலும் வழக்குப் போட முடியாது என்று சொல்வதைப் போன்றது இது என்று நீதிபதிகள் பதில் எழுதினார்கள். முகப்புத் திரையை மாற்றக் கூடாது, கணினி விழித்தெழும்போது வேறு நிரலைக் காட்டக் கூடாது என்ற உரிம நிபந்தனைகள் சட்டவிரோதம் என்றார்கள். ஆனால் ஒரு நிபந்தனையை அவர்கள் ஏற்றார்கள்: விண்டோஸ் முகப்பே தெரியாதபடி முழுக்க வேறொரு முகத்தைப் போட்டு மூடுவதைத் தடுக்கும் வாசகம். படைப்பின் உருவத்தையே அழிக்கும் மாற்றத்தைத் தடுக்க உரிமையாளருக்கு வழி இருக்க வேண்டும் என்று அதற்குக் காரணமும் சொன்னார்கள். மொத்தமாகக் கண்டித்துவிடாமல் வாசகம் வாசகமாகப் பிரித்துப் பார்த்த இந்தப் பொறுமை, இன்று இரு தரப்பிலும் கத்துபவர்களிடம் அரிதாகிவிட்டது.

இந்த இடத்தில் என் வாதத்துக்கு எதிரான வழக்கையும் சொல்லியாக வேண்டும். குவால்காம் நிறுவனம் செல்பேசிச் சிப்புகளை விற்கிறது. கூடவே, யார் சிப்பைப் பொருத்தினாலும் செல்பேசித் தயாரிப்பாளர் குவால்காமின் பேட்டன்ட்டுகளுக்கு உரிமத் தொகை கட்ட வேண்டும் என்கிறது. போட்டியாளரின் சிப்பை வாங்கும்போதும் குவால்காமுக்குக் காசு. கீழ் நீதிமன்றம் 2019-இல் இதைப் போட்டியாளர்மேல் போட்ட வரி என்றே பார்த்தது. 2020 ஆகஸ்டில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. அந்த நீதிபதிகள் மைக்ரோசாஃப்டின் பழைய டாஸ் வழக்கையே எடுத்துவைத்து வேறுபாடு காட்டினார்கள்: அங்கே தயாரிப்பாளர் தான் பயன்படுத்தாத மென்பொருளுக்குக் காசு கட்டினார், இங்கே எந்தச் சிப் இருந்தாலும் அந்தச் செல்பேசி குவால்காமின் பேட்டன்ட்டுகளைப் பயன்படுத்தத்தான் செய்கிறது. அந்தப் பேட்டன்ட்டுகளுக்கு அவ்வளவு மதிப்பு உண்டா என்று கேட்கலாம். ஆனால் வேறுபாடு செல்லும். ஆகவே நான் முன்னே சொன்ன கேள்வியைக் கொஞ்சம் இறுக்க வேண்டியிருக்கிறது: போட்டியாளரைத் தேர்ந்தெடுத்தவர், பயன்படுத்தாத ஒன்றுக்கோ, வேறெங்கும் குறைவாகக் கட்டியிருக்கக் கூடிய ஒன்றுக்கோ காசு கட்டுகிறாரா? பெருமளவில் வாங்குபவருக்குத் தள்ளுபடி, மாணவருக்குக் குறைந்த விலை, ஏழை நாட்டுக்குத் தனி விலை போன்றவை இந்தக் கேள்வியில் சிக்காமல் வெளியே போய்விடும். போகத்தான் வேண்டும்.

ஆண்ட்ராய்டு இந்தக் கேள்வியை வேறு விதமாகச் சோதித்தது. அதன் மூல நிரலை யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். பிளே ஸ்டோர், ஜிமெயில், மேப்ஸ், யூடியூப், குரோம் எல்லாம் தனி உரிமம். அந்த உரிமத்துக்கும் கூகுள் காசு கேட்கவில்லை. கேட்டது இரண்டு: எல்லாச் செயலிகளையும் மொத்தமாக ஏற்றி, தேடல் பெட்டியை முகப்பில் வைக்க வேண்டும்; ஆண்ட்ராய்டிலிருந்து கிளைத்த, கூகுள் அங்கீகரிக்காத எந்த வடிவத்தையும் விற்கக் கூடாது. இரண்டாவது நிபந்தனைதான் கூர்மையானது. பிளே ஸ்டோர் ஏற்றிய செல்பேசிக்கு மட்டும் அது பொருந்தியிருந்தால் பெரிய விஷயமில்லை. கையெழுத்திட்ட நிறுவனம் செய்யும் எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தியது. நூறு மாடல் விற்கும் கம்பெனி ஒரே ஒரு மாடலில் வேறு கிளை வடிவத்தைச் சோதித்துப் பார்க்க நினைத்தால் மற்ற தொண்ணூற்றொன்பதுக்கும் ஆபத்து. டாஸ் காலத்தில் அலகு புராசசர். இங்கே நிறுவனமே அலகு. 2012 செப்டம்பரில் ஏசர், அலிபாபாவின் அலியுன் இயங்குதளம் கொண்ட செல்பேசியை ஷாங்காயில் வெளியிட ஏற்பாடு செய்து, கடைசி நேரத்தில் விழாவை ரத்து செய்தது. அமேசானின் ஃபயர் ஓஎஸ்ஸை ஏற்கப் பெரிய தயாரிப்பாளர்கள் முன்வராததற்கும் இந்த வாசகமே காரணம் என்று ஐரோப்பிய ஆணையம் 2018 ஜூலையில் 434 கோடி யூரோ அபராதம் விதித்தபோது குறிப்பிட்டது. 2022-இல் ஐரோப்பிய பொது நீதிமன்றம் ஒரு பகுதியை, அதாவது வருவாய்ப் பங்கீட்டு ஒப்பந்தங்கள் பற்றிய முடிவை, சான்று போதாது என்று நீக்கி, அபராதத்தை 412.5 கோடியாக்கியது. மற்றதெல்லாம் நின்றது.

கூகுள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. ஆண்ட்ராய்டு ஆளுக்கொரு துண்டாகச் சிதறினால் செயலி எழுதுபவர்கள் திணறுவார்கள்; ஐந்தாயிரம் ரூபாய் செல்பேசி சாத்தியமானதற்கு இயங்குதளம் இலவசம் என்பதும் ஒரு காரணம். ஆணையத்தின் 2018 முடிவுக்குப் பிறகு ஐரோப்பாவில் கூகுள் தன் செயலித் தொகுப்புக்கு உரிமக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. போட்டிச் சட்டத்தின் பார்வையில் முன்னேற்றம், விலையின் பார்வையில் ஏற்றம்! விலையை மட்டும் அளவுகோலாக வைப்பவர்களுக்கு இது குழப்பமாகவே இருக்கும்.

இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்து, ஏறக்குறைய அதே ஒப்பந்தங்களைக் கண்டித்தது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தடை தர மறுத்தது. அந்த மாதமே, இந்தியாவில் செயலிகளைத் தனித்தனியாக உரிமம் எடுக்கலாம், கிளை வடிவங்களுக்கும் இடம் தருவோம் என்று கூகுள் அறிவித்தது. தற்செயலாகவோ இல்லையோ, சென்னை ஐஐடியின் அறக்கட்டளை ஒன்றின் அரவணைப்பில் வளர்ந்த சிறு நிறுவனம் உருவாக்கிய பாரோஎஸ் அதே மாதத்தில் அறிமுகமானது. திறந்த ஆண்ட்ராய்டு மூலத்திலிருந்து எடுத்து, முன்கூட்டியே ஏற்றிய செயலி எதுவும் இல்லாமல் செய்யப்பட்டது அது. பழைய ஒப்பந்தம் அப்படியே இருந்திருந்தால், பிளே ஸ்டோர் உரிமம் வைத்திருக்கும் எந்தத் தயாரிப்பாளரும் இதைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார். அதற்காக வாசகம் தளர்ந்தவுடன் போட்டி பொங்கிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வங்கிச் செயலி முதல் உணவு வரவழைக்கும் செயலி வரை கூகுளின் பிளே சர்வீசஸை நம்பி எழுதப்பட்டவை ஏராளம். பல ஆண்டுகள் பூட்டியிருந்த பாதையைத் திறக்கும்போது, அந்தப் பக்கம் ஊரே இல்லாமல் போயிருக்கும். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் அபராதத்தை உறுதிசெய்து, ஆணையத்தின் கட்டளைகளில் நான்கை நீக்கியது. ஸ்மார்ட் டிவிகளுக்கான இதேபோன்ற ஒப்பந்தம் பற்றிய வழக்கு 2025 ஏப்ரலில் 20.24 கோடி ரூபாய் கட்டும் சமரசமாக முடிந்தது. அங்கேயும் தீர்வு, பிளே ஸ்டோரைக் கட்டணத்துக்குத் தனியாகத் தருவதுதான்.

இப்போது சண்டை கிளவுடுக்கு நகர்ந்திருக்கிறது. நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை வாடகை எந்திரங்களுக்கு மாற்றும்போது, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய மென்பொருளையும் கூடவே கொண்டுபோக நினைக்கின்றன. மென்பொருள் விற்பவரே கிளவுடும் விற்பவராக இருந்தால்? ஆரக்கிள் 2017 ஜனவரியில் தன் கணக்குமுறையை மாற்றியது. அமேசான் கிளவுடில் இரண்டு மெய்நிகர் புராசசருக்கு ஓர் உரிமம் என்று எண்ணினார்கள். சொந்தச் சர்வர்களில் இன்டெல் புராசசருக்குக் கிடைத்துவந்த பாதிக் கணக்குச் சலுகை அங்கே இல்லை என்றார்கள். ஆரக்கிளின் சொந்தக் கிளவுடில் அதே உரிமம் நான்கு மெய்நிகர் புராசசருக்குப் போதும். உரிமத்தின் விலைப்பட்டியலில் ஒரு எழுத்து மாறவில்லை. எண்ணும் முறை மாறியது, செலவு இரட்டிப்பானது. முப்பது ஆண்டுக்கு முன் பார்த்த அதே புராசசர் என்ற சொல் இன்னொரு வேடத்தில் திரும்பியிருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் 2019 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த மாற்றம் இதைவிடப் பரந்தது. அலிபாபா, அமேசான், கூகுள், தான் என்று நான்கு பெயர்களைப் பட்டியலிட்டு, இந்த நால்வரின் பிரத்யேகச் சர்வர்களில் பழையபடி உரிமத்தை எடுத்துச்சென்று பயன்படுத்த முடியாது, கூடுதல் உரிமை வாங்க வேண்டும் என்றது. தன் பெயரையும் பட்டியலில் சேர்த்தது நேர்மையாகத் தெரியும். ஆனால் அஷூரில் ஓட்டுபவருக்கு ‘ஹைபிரிட் பெனிஃபிட்’ என்ற சலுகை தனியாக இருக்கிறது. மற்ற மூவரிடம் இல்லை. விண்டோஸ் சர்வரையும் எஸ்க்யூஎல் சர்வரையும் ஓட்ட அமேசானில் ஆகும் செலவு அஷூரைவிட ஐந்து மடங்கு என்று மைக்ரோசாஃப்டே விளம்பரம் செய்தது. அந்த ஐந்து மடங்கில் எவ்வளவு எந்திர வாடகை, எவ்வளவு மைக்ரோசாஃப்ட் தானே நிர்ணயித்த உரிமத் தொகை என்று விளம்பரம் சொல்லவில்லை. போட்டியாளரின் அடக்க விலையை ஏற்றிவிட்டு, அவர் விலை அதிகம் என்று விளம்பரம் செய்ய முடிகிற தொழில்கள் உலகில் நிறைய இல்லை.

புகார் சொல்பவர்களும் அப்பாவிகள் இல்லை. அமேசான் கிளவுடிலிருந்து தரவை வெளியே எடுக்கக் கட்டணம் வாங்கியே வாடிக்கையாளரைக் கட்டிவைத்தது. கூகுள் ஆண்ட்ராய்டில் செய்ததை இப்போதுதான் பார்த்தோம். சிஸ்பே என்ற ஐரோப்பியக் கிளவுட் நிறுவனங்களின் சங்கம் 2022 நவம்பரில் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்து, 2024 ஜூலையில் மைக்ரோசாஃப்டுடன் சமரசம் செய்துகொண்டது. பயன் அமேசானுக்கும் கூகுளுக்கும் இல்லை. தனியார் சமரசத்தில் இதுதான் கோளாறு: புகார் கொடுத்தவரின் வலி தீர்கிறது, சந்தையின் கேள்வி அப்படியே கிடக்கிறது. அந்தச் சங்கமே 2021-இல், பிரெஞ்சு நிறுவனப் பயனர்களின் அமைப்பான சிக்ரெஃப்புடன் சேர்ந்து, பத்து நியாயமான உரிமக் கோட்பாடுகளை வெளியிட்டிருந்தது. ஏற்கெனவே வாங்கிய மென்பொருளை விரும்பிய கிளவுடுக்கு எடுத்துப்போகலாம், மறுபடி காசு கேட்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. தீர்வு இவ்வளவு எளிமையாக இருக்கலாம் என்றே நினைக்கிறேன். விலையை அரசு நிர்ணயிக்க வேண்டாம்; தள்ளுபடிகளையும் தொட வேண்டாம். ஓர் உரிமம் எங்கே ஓடினாலும் ஒரே மாதிரி எண்ணப்பட வேண்டும் என்று மட்டும் விதித்தால், விலை எவ்வளவாக இருந்தாலும் போட்டியாளரைக் குறிவைக்க வழியில்லை.

பிரிட்டனின் போட்டி ஆணையமான சிஎம்ஏ, 2025 ஜூலை 31 அன்று தன் கிளவுட் விசாரணையின் இறுதி முடிவை வெளியிட்டது. அந்நாட்டின் கிளவுட் உள்கட்டமைப்புச் செலவில் அமேசானுக்கும் மைக்ரோசாஃப்டுக்கும் தலைக்கு 30 முதல் 40 சதவீதம் போகிறது; மைக்ரோசாஃப்டின் உரிம நடைமுறைகள் அமேசானும் கூகுளும் போட்டியிடுவதைப் பாதிக்கின்றன என்று அது கண்டது. உடனடிக் கட்டளை எதையும் அது போடவில்லை. இரு பெரிய நிறுவனங்களுக்கும் உத்திசார் சந்தை அந்தஸ்து கொடுப்பது பற்றித் தனி விசாரணை தொடங்கலாம், அதற்கு 2026 தொடக்கத்தில் முன்னுரிமை தரலாம் என்று பரிந்துரைத்தது.

2019 அக்டோபருக்கு முன் வாங்கிய நிரந்தர உரிமங்களுக்குப் பழைய விதியே செல்லும். விண்டோஸ் சர்வர் 2019 வரையிலான பதிப்புகளை வைத்திருப்பவர்கள் இன்றும் அமேசானின் பிரத்யேகச் சர்வர்களில் அவற்றைக் கூடுதல் காசில்லாமல் ஓட்டுகிறார்கள். அதற்குப் பிந்தைய பதிப்புக்கு மாறும்போதுதான் புதிய கணக்கு அவர்கள்மேல் விழும். விண்டோஸ் சர்வர் 2019-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2029 ஜனவரி 9-ஆம் தேதியோடு நிற்கின்றன. அந்தத் தேதிக்கு முன் ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவும், இருக்கும் இடத்திலேயே இருந்து கூடுதல் கட்டுவதா, அஷூருக்குக் குடிபெயர்வதா என்று முடிவெடுத்திருக்கும். டாஸ் விஷயத்தில் 1990-இல் தொடங்கிய விசாரணை முடிந்து சமரசத்துக்கு ஒப்புதல் கிடைக்க 1995 ஆயிற்று.